வேர் வளர்ச்சியில் விற்றமின் சியும் நொதியங்களும்: வன்னித் தோட்டங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலபோகம் நெருங்கினால் வன்னியின் விவசாய மருந்துக்கடைகளில் சின்னப் போத்தல்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. 'வேர் ஊக்கி' என்று ஒன்று, 'நொதியத் திரவம்' என்று இன்னொன்று, 'விற்றமின் கலந்தது' என்று வேறொன்று. உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது மாற்றுவழி தேடவேண்டிய நிலை எல்லோருக்கும் வந்தது. அந்தத் தேடலில் பழக்கப்பட்ட திரவங்கள் பல இன்றும் தோட்டங்களில் ஊற்றப்படுகின்றன.

விற்றமின் சியும் நொதியங்களும் (கலத்தின் வேதிச்செயல்களை விரைவுபடுத்தும் புரதங்கள்) வேரை வளர்க்கின்றனவா என்று கேட்டால், ஆம் என்பதே பதில். ஊற்றினால் வளருமா என்பது வேறு கேள்வி. மனிதனுக்கு விற்றமின் சி உணவிலிருந்து வரவேண்டும். பயிர் அதைத் தானே செய்துகொள்கிறது. அதைச் செய்ய வேருக்கு என்ன வேண்டும், நாம் எங்கே அதற்கு இடைஞ்சலாக இருக்கிறோம், எந்த ஓரிரு இடங்களில் வெளியிலிருந்து கொடுப்பது உதவக்கூடும் என்பவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: வேர்நுனியில் நடப்பதை விளங்கிக்கொள்ளுங்கள்

ஈரத் துணியில் முளைத்த பயற்றின் வேரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நுனியில் இளமஞ்சளாகத் தெரிவது வேர்மூடியும் அதற்கு ஒட்டி மேலே இருக்கும் கலங்கள் பிரியும் பகுதியும். அதற்கு மேல் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருப்பது கலங்கள் நீளும் பகுதி. அதற்கும் மேல் வெண்பஞ்சு படர்ந்ததுபோல வேர்மயிர்கள் தொடங்குகின்றன. இவற்றில் முதல் இரண்டு இடங்களிலும் விற்றமின் சியின் வேலை வேறுவேறானது; மூன்றாவது வேலை ஒன்று வேர் முழுவதற்கும் பொது.

கலம் பிரியும் பகுதியின் நடுவில் சோம்பிக்கிடக்கும் ஒரு சிறு கலக்கூட்டம் உண்டு. சுற்றியுள்ள கலங்கள் ஓயாமல் பிரிய, இவை மிக அரிதாகவே பிரியும். அடிபட்ட நுனியைப் புதுப்பிக்க இருப்பில் வைத்த கலங்கள் இவை. இவற்றை உறக்கத்தில் வைத்திருப்பதில் விற்றமின் சியின் குறைவுக்கும் பங்கு உண்டு என்பதைச் சோள வேரிலும் வெங்காய வேரிலும் செய்த ஆய்வுகள் காட்டின. அந்த இடத்தில் விற்றமின் சி மிகக் குறைவு. அதை ஒட்சியேற்றிச் செலவழித்துவிடும் அசுக்கோபேற்று ஒட்சிடேசு என்ற நொதியம் அதிகம். வெளியிலிருந்து விற்றமின் சி கொடுத்தபோது உறங்கிய கலங்களும் பிரியத் தொடங்கின.

கூடக் கொடுத்தால் கூட வளரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். வேர் தன் நுனியின் ஒரு மூலையில் விற்றமின் சியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறது. அந்தக் குறைவும் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதி.

நீளும் பகுதியில் கதை கலச்சுவரைச் சார்ந்தது. சுவர் தளர்ந்தால்தான் கலம் நீர் உறிஞ்சி நீளும். ஒட்சின் என்ற வளர்ச்சிப் பதார்த்தத்தின் தூண்டுதலால் கலமென்சவ்வில் உள்ள ஒரு நொதியம் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. சுவர் அமிலமாகித் தளர்கிறது. வேலை முடிந்ததும் பெரொட்சிடேசு நொதியங்கள் ஐதரசன் பரவொட்சைட்டைப் பயன்படுத்திச் சுவரின் இழைகளைக் குறுக்காகப் பிணைத்து இறுக்குகின்றன. விற்றமின் சி இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. எனவே அது இருக்கும்வரை நீட்சி தொடரும், தீர்ந்ததும் சுவர் உறுதிப்படும். கலச்சுவர்ப் புரதங்கள் சிலவற்றில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தை மாற்றியமைக்கும் நொதியமும் விற்றமின் சியைத் துணையாகக் கேட்கிறது. நம் உடலில் கொலாஜன் உறுதியாவதும் இதே வகை நொதியத்தால்தான்.

மூன்றாவது வேலை காவல். வெயில், வறட்சி, உவர், வெள்ளம் எது வந்தாலும் வேர்க்கலங்களில் ஐதரசன் பரவொட்சைட்டு பெருகிக் கலங்களைச் சேதப்படுத்தும். அசுக்கோபேற்றுப் பெரொட்சிடேசு விற்றமின் சியைச் செலவிட்டு அதை நீராக்குகிறது. செலவான விற்றமின் சியை மீட்டெடுக்க வேறு மூன்று நொதியங்கள் சுற்றாக வேலை செய்கின்றன. விற்றமின் சியை உண்டாக்கும் வழி அடைபட்ட ஒரு கடுகினச் சிறுசெடி முளைத்தபின் வெளிறி வளராமல் நின்றது. வெளியிலிருந்து கொடுத்தபோது பிழைத்தது. அதன் அவசியத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஆனால் உங்கள் மிளகாய்ச் செடியில் அந்த வழி அடைபடவில்லை.

இரண்டாம் படி: வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

காயத்துக்குப் பூசும் மண்ணிற அயடீன் திரவமும் ஆறிய அரிசிக் கஞ்சித் தெளிவும் போதும். கஞ்சியில் அயடீன் விழுந்தால் கருநீலம். விற்றமின் சி இருந்தால் அந்த நிறம் உடனே வராது. விற்றமின் தீரும்வரை அயடீன் நிறமிழந்துகொண்டே இருக்கும்.

ஓர் இரவு மட்டும் ஊறிய பயறு ஐம்பது, இரண்டு நாள் முளைகட்டிய பயறு ஐம்பது எடுத்துத் தனித்தனியே ஒரே அளவு நீர் விட்டு இடித்துத் துணியில் வடியுங்கள். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி கஞ்சித் தெளிவு சேர்த்து, அயடீனைத் துளித்துளியாக விட்டு நீலம் நிலைக்கும்வரை எண்ணுங்கள். முளைத்ததற்குக் கூடுதலான துளிகள் வேண்டியிருக்கும். உலர்ந்த விதையில் விற்றமின் சி இல்லை என்றே சொல்லலாம். நீர் உறிஞ்சி வேர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் விதை அதைச் செய்யத் தொடங்குகிறது. வேறு சில பொருள்களும் அயடீனின் நிறத்தை நீக்கும் என்பதால் இதை ஒப்பீடாக மட்டும் கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை நொதியத்துக்கானது. ஒரு லீற்றர் கிணற்று நீரில் 500 மில்லிகிராம் விற்றமின் சி குளிசையின் கால்பங்கைக் கரையுங்கள். இரு கண்ணாடிக் குவளைகளில் அரைக்குவளை வீதம் ஊற்றி, ஒன்றில் பச்சைக் கெக்கரிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டியும் மற்றதில் கொதிக்கவைத்து ஆறிய அதே சாறு ஒரு மேசைக்கரண்டியும் விடுங்கள். அரைமணி நேரம் கழித்துக் கஞ்சியும் அயடீனும் சேர்த்துத் துளிகளை எண்ணுங்கள். பச்சைச் சாறு விட்ட குவளை விரைவில் நீலமாகும். கெக்கரியில் நிறைந்திருக்கும் அசுக்கோபேற்று ஒட்சிடேசு விற்றமினைத் தின்றுவிட்டது. கொதித்த சாற்றில் அந்த நொதியம் செயலிழந்துவிட்டது. வேர்நுனியில் உறங்கும் கலங்களைச் சுற்றி வேலை செய்வதும் இதே நொதியந்தான்.

நொதியம் ஒரு புரதம்; சூடு அதைக் குலைக்கும் என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும். மதிய வெயிலில் கடைவாசலில் மாதக்கணக்கில் நின்ற 'நொதியத் திரவம்' பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாம் படி: விதையில் எவ்வளவு, எப்போது

வெளியிலிருந்து கொடுக்கும் விற்றமின் சிக்கு ஓரளவு நியாயம் இருக்கும் இடம் விதை. உவர் நீரிலும் வறட்சியிலும் முளைக்கவேண்டிய விதைகளை மெல்லிய விற்றமின் சிக் கரைசலில் ஊறவைத்தபோது நாற்றுகள் ஓரளவு தாங்கின என்பது கோதுமை முதலிய பயிர்களில் காணப்பட்டிருக்கிறது. பூநகரி, மன்னார்க் கரையோரம், முல்லைத்தீவின் களப்போர வயல்கள் போன்ற உவர் ஏறும் இடங்களில் முயன்று பார்ப்பதில் தவறில்லை. பூநகரிக்கு மொட்டைக்கறுப்பன் நெல் இருக்கும்போது குளிசை எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டால் அவர் பக்கமே நியாயம் கூடுதல். இடத்துக்கு ஏற்ற இனம் செய்யும் வேலையைக் கரைசல் செய்யாது.

முயல்பவர்களுக்கு அளவு இது. ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசையில் ஐந்தில் ஒரு பங்கு. 176 மில்லிகிராம் ஒரு லீற்றரில் கரைந்தால் அது ஒரு மில்லிமோலார் செறிவு; அதைத் தாண்டிப் போகவேண்டாம். செறிவு கூடினால் வேரின் நீட்சி குறைகிறது. இரும்புச் சத்துள்ள நீரில் விற்றமின் சியே கலத்தைச் சேதப்படுத்தும் துணிக்கைகளை உண்டாக்கவும் செய்யும். நுரைத்துக் கரையும் குளிசை வேண்டாம், அதில் சோடியம் உண்டு. செப்புப் பாத்திரம் கூடவே கூடாது. செப்பு பட்டால் விற்றமின் சி விரைந்து கெடும். பிளாஸ்டிக் வாளியில், நிழலில், ஊறவைக்கும் நேரத்தில்தான் கரைக்கவேண்டும். நேற்றுக் கரைத்ததை இன்று நம்பமுடியாது.

நெல்லை வழமைபோல 24 மணிநேரம் ஊறவைத்து, பிறகு சாக்கில் மூடி முளைகட்டுங்கள். கரைசலில் வைப்பது முதல் சில மணிநேரத்துக்குப் போதும்; பிறகு நல்ல நீருக்கு மாற்றுங்கள். இடையில் சாக்கைத் திறந்து கிளறிக் காற்றுப் படவிடுவது கரைசலைவிட முக்கியமானது. முளைக்கும் நெல்லில் அமைலேசு நொதியம் மாப்பொருளைச் சீனியாக்கி வேருக்குக் கொடுக்கிறது. சாக்கின் நடுவில் சூடேறிக் காற்றடைத்தால் விதை புளித்த மணம் வீசத் தொடங்கும். பயறு, உழுந்து, கௌபி, கச்சான் ஆகியவற்றை ஊறவைக்கவே வேண்டாம். ஈரமான மண்ணில் நேரே போடுங்கள். ஊறிய பருப்பு வித்து மண் காய்ந்தால் திரும்பி எழாது.

நான்காம் படி: வேருக்குக் காற்று விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

விற்றமின் சி உண்டாகும் கடைசி வேதிச்செயல் கலத்தின் இழைமணிகளில், அதாவது சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்புகளில், நடக்கிறது. அதைச் செய்யும் நொதியம் சுவாசத்தின் இலத்திரன் சங்கிலியோடு பிணைந்தது. சுவாசம் தடைப்பட்டால் அந்த வேலையும் தடுமாறும். இலையில் உண்டாகும் விற்றமின் சியிலும் ஒரு பங்கு உரியம் என்ற உணவு கடத்தும் இழையம் வழியாக இறங்கி வேர்நுனிக்கு வருகிறது. எனவே வேருக்குக் காற்றும் இலைக்கு வெளிச்சமும் வேண்டும். நெருக்கி நட்டு நிழல் விழுந்த நாற்றுமேடையில் வேர் மெலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். உழுவதற்கு ஏற்ற பதம் குறுகிய காலமே நிற்கும். அந்தப் பதம் தப்பியபின் உழவு இயந்திரம் இறங்கினால் அடியில் ஓர் இறுகிய படை உண்டாகி, நவம்பர் மழை அதன்மேல் தேங்கி நிற்கும். நெல்லுக்கு வேருக்குள்ளேயே காற்றறைகள் உண்டு, அது சமாளிக்கும். நெல் வேரில் செந்துரு படிந்திருந்தால் ஒட்சிசன் வேர்வரை வந்து வெளியேயும் கசிகிறது என்று பொருள். வேர் கறுத்து அழுகிய முட்டை மணம் வந்தால் நீரை வடித்து வயலைச் சில நாள் காயவிடவேண்டும். மிளகாய்க்கும் கச்சானுக்கும் அந்த வசதி இல்லை.

மழை விட்டு வெயில் எறித்த அன்று மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நிற்பதைக் காணாதவர் இங்கே இல்லை. மண்ணில் நீர் நிறைய இருந்தும் செடி வாடுகிறது. மூச்சுமுட்டிய வேர் நீரை ஏற்றமுடியாமல் நிற்பது ஒரு காரணம். நீர் வடிந்து திடீரென ஒட்சிசன் நுழையும்போது பரவொட்சைட்டு பெருகி, ஏற்கெனவே குறைந்திருந்த விற்றமின் சியையும் தீர்ப்பது இன்னொன்று. அந்த நேரத்தில் யூரியாக் கரைசலோ வேறு ஊக்கித் திரவமோ ஊற்றுவது வேரின் சுமையைக் கூட்டும். செய்யவேண்டியவை எளிமையானவை. வாய்க்காலைத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். மேல்மண் சற்றுக் காய்ந்ததும் செடியின் அடியில் மண்வெட்டி படாதபடி மெல்லக் கிளறுங்கள். வெண்ணிறப் புதுவேர் எட்டிப்பார்க்கும்வரை பசளை வேண்டாம்.

முன்கூட்டியே செய்யக்கூடியது, மேட்டுப்பாத்தி. ஓரடி உயரமாவது இருக்கட்டும். நன்கு மக்கிய மாட்டெரு கலந்த பாத்தி மழையிலும் காற்றை இழக்காது. பச்சைச் சாணியைப் போட்டால் மண்ணிலுள்ள ஒட்சிசனை அதை மக்கச்செய்யும் பற்றீரியாக்களே எடுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் படி: உலோகங்களும் மண்ணின் நொதியங்களும்

நொதியங்கள் பல உலோகம் இல்லாமல் இயங்கா. அசுக்கோபேற்று ஒட்சிடேசுக்குச் செப்பு, பெரொட்சிடேசுகளுக்கு இரும்பு, நைத்திரேற்றை மாற்றும் நொதியத்துக்கு மொலிப்தினம். இவை மிகச் சிறு அளவில் போதும். நாட்பட்ட கூட்டெரு பெரும்பாலும் கொடுத்துவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் வன்னீர் பாயும் தோட்டத்திலும் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. கச்சானின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மஞ்சளாகும். மூன்றுவலு இரும்பை இரண்டுவலு இரும்பாக மாற்றினால்தான் பெரும்பாலான தோட்டப்பயிர்களின் வேர் அதை உள்ளே எடுக்கும்; அதற்கென வேர்மேற்பரப்பில் ஒரு நொதியம் இருக்கிறது. செப்பு கூடினால் எதிர்விளைவு. செப்புள்ள பங்கசுநாசினியான போர்டோக் கலவை ஆண்டாண்டாக வடிந்த மண்ணில் வேர் குட்டையாகித் தடித்துப் பழுப்பாகும்.

பொசுபரசு பற்றி ஒன்று சொல்லவேண்டும். மண்ணின் சேதனப் பொருளில் அடைபட்ட பொசுபரசை விடுவிக்க வேர் தானே பொசுபற்றேசு நொதியத்தைக் கசியவிடுகிறது. பொசுபேற்றுப் பசளை அளவுக்கு மீறி விழுந்தால் அந்தக் கசிவு குறையும். வேரோடு கூட்டாக வாழும் பங்கசுகளும் குறையும். மண்ணைச் சோதிக்காமல் ஒவ்வொரு போகமும் கைக்கணக்கில் போடுவது வேரைச் சோம்பேறியாக்கும் வழி.

பழத்தோல், சர்க்கரை, நீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்கவிடும் 'நொதியக் கரைசல்' பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதில் முக்கியமாக இருப்பது வினாகிரியின் அமிலமும் நொதித்தலின் மிச்சங்களும். நொதியம் பெரிய மூலக்கூறு. ஊற்றியதும் வேருக்குள் புகுந்து வேலை தொடங்காது, மண்ணின் நுண்ணுயிர்கள் அதையும் புரத உணவாகச் சிதைத்துவிடும். நீர்த்தாமல் ஊற்றினால் அதன் அமிலம் இளவேரைச் சுடும். பழத்தோலைக் கூட்டெருவில் போடுவதே என் தெரிவு; வேலையும் குறைவு.

ஆறாம் படி: வேர்முடிச்சை வெட்டிப் பாருங்கள்

பூக்கும் தறுவாயில் ஒரு கௌபிச் செடியை மண்ணோடு கிண்டி எடுத்து வாளி நீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இறைச்சிபோலச் சிவந்திருக்கவேண்டும். ஒட்சிசனைப் பிடித்து அளந்து கொடுக்கும் ஒரு புரதத்தின் நிறம் அது. காற்றின் நைதரசனைப் பிடிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் முடிச்சிலுள்ள பற்றீரியாவுக்குச் சுவாசிக்க ஒட்சிசன் வேண்டும். இந்த இழுபறியில் உண்டாகும் பரவொட்சைட்டை அகற்றத்தான் முடிச்சுகளில் விற்றமின் சியும் அதைப் பயன்படுத்தும் பெரொட்சிடேசும் நிறைந்து கிடக்கின்றன. உள்ளே பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால் அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டது. பூக்கும் முன்பே அப்படியென்றால் நீர் தேங்கியதா, யூரியா கூடியதா என்று தேடுங்கள். மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சை வளர்ப்பதில்லை.

ஏழாம் படி: தடியும் பதியமும்

மாதுளை, தேசி, கொய்யா போன்றவற்றின் நடுகைத் தடியில் வெட்டிய முகம் கபிலமாவது ஒட்சியேற்ற நொதியங்களின் வேலை. இழைய வளர்ப்புக் கூடங்களில் இதைத் தடுக்க விற்றமின் சியையும் சித்திரிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்திலும் அதே 100 மில்லிகிராம் கரைசலில் வெட்டுமுகத்தைச் சில நிமிடம் தோய்த்தெடுக்கலாம். ஆனால் வேரைத் தோற்றுவிப்பது ஒட்சின். கடையில் வாங்கவேண்டுமானால் ஒட்சின் கலந்த வேரூக்கித் தூளை வாங்குங்கள். நட்டபின் தடியை அசைத்து வேர் வந்ததா என்று பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்; உருவாகும் வேர்முனை முதலில் முறிவது அப்போதுதான். முருங்கைத் தடிக்கு இவை எதுவும் வேண்டாம். மேல்முனையில் சாணி அப்பி, நீர் தேங்காத குழியில் நட்டால் போதும்.

எட்டாம் படி: எதை ஊற்றினாலும் ஒரு வரிசையை விட்டுவையுங்கள்

இத்தனைக்குப் பிறகும் ஒரு போத்தலை வாங்கிப் பார்க்க மனம் இழுத்தால் ஒரே பாத்தியில் மூன்று வரிசை ஒதுக்குங்கள். ஒன்றில் போத்தல் திரவம், ஒன்றில் அதே அளவு வெறும் தண்ணீர், மற்றதில் ஒன்றுமில்லை. தண்ணீர் வரிசை கட்டாயம் வேண்டும். வறண்ட நாளில் ஊற்றிய திரவம் காட்டும் பலனில் பாதி அதிலுள்ள நீரின் பலனாக இருக்கலாம். வாய்க்காலுக்கு அருகில் ஒன்றும் வேலியோர நிழலில் இன்னொன்றும் என்று வைக்காதீர்கள்.

மூன்று கிழமை கழித்து ஒவ்வொரு வரிசையிலும் நடுப்பகுதியிலிருந்து பத்துச் செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு கிண்டி, வாளி நீரில் ஊறவிட்டு அலசுங்கள். கறுப்புத் துணியில் பரப்பி ஆணிவேரின் நீளத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். பக்கவேர்கள் எத்தனை, நுனிகள் வெண்மையா கபிலமா என்றும் குறியுங்கள். எந்தச் செடி எந்த வரிசை என்று தெரியாத ஒருவர் அளந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் வரிசைக்கும் போத்தல் வரிசைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லையென்றால், அடுத்த போகத்தில் அந்தப் பணத்துக்கு மாட்டெரு ஏற்றுங்கள்.